பூங்காக் கதவைத் திறந்துவிட்ட பெருமகன் வில்லியம் ஹூக்கர்



ரப்பர் மரம் நம் நாட்டு மண்ணில் தானாக முளைத்த மரம் அன்று. அது கடல் கடந்து வந்த மரம். தென்னமெரிக்காவின் அமேசான் காட்டில் பிறந்த அம்மரத்தின் கன்றுகள், இலண்டனுக்கு அருகிலுள்ள கியூ என்னும் பூங்காவின் வழியாகவே இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்து சேர்ந்தன. அந்தக் கியூ பூங்கா ஒரு காலத்தில் கலைக்கப்பட்டு மறைந்துபோகும் நிலையில் இருந்தது. அதனைக் காத்து, வளர்த்து, பொதுமக்கள் உலவும் இடமாக ஆக்கிய பெருமகனார் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர் ஆவார். குடும்பத்தை அழைத்துக்கொண்டு வேலைக்காக ஊர்விட்டு ஊர் சென்ற ஒரு தந்தையின் வரலாறாகவும் அவருடைய வாழ்க்கை அமைந்துள்ளது. எனவே அது நமக்கு மிகவும் நெருக்கமானது.

இளமைப் பருவம்

வில்லியம் ஹூக்கர் 1785ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 6ஆம் நாள் இங்கிலாந்தின் நாரிச் நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் வணிக நிலையம் ஒன்றில் பணியாற்றியவர். ஓய்வு நேரத்தில் செடிகளை வளர்ப்பதில் பெருவிருப்பம் கொண்டவர். தந்தையின் அந்த ஆர்வம் மகனையும் பற்றிக்கொண்டது. சிறுவன் ஹூக்கர் பூச்சிகளையும் பறவைகளையும் செடிகொடிகளையும் தேடி வயல்வெளிகளில் அலைந்தான். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது அவன் அளவில் உண்மையாயிற்று.

1805ஆம் ஆண்டில், தமது இருபதாம் அகவையில், ஹூக்கர் நாரிச் நகருக்கு அருகே அரியதொரு பாசியினத்தைக் கண்டெடுத்தார். காலடியில் கிடக்கும் பாசியை யார்தான் குனிந்து பார்ப்பர்? ஹூக்கர் பார்த்தார். அதை எடுத்துச் சென்று, அந்நகரில் வாழ்ந்த தாவரவியல் அறிஞர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித்திடம் காட்டினார். இளைஞனின் கூரிய பார்வையைக் கண்டு வியந்த ஸ்மித், யார்மத் நகரில் வங்கி நடத்தி வந்த டாசன் டர்னர் என்னும் தாவர ஆய்வாளரிடம் அவரை ஆற்றுப்படுத்தினார். டர்னரின் நட்பு ஹூக்கரின் வாழ்க்கைப் போக்கையே மாற்றியது.

தீயும் தோல்வியும்

1809ஆம் ஆண்டில், சர் ஜோசப் பேங்க்ஸ் என்னும் பெரும் அறிஞரின் தூண்டுதலால் ஹூக்கர் ஐஸ்லாந்துத் தீவுக்குச் சென்று, அங்குள்ள செடிகளைத் திரட்டினார். ஆனால் திரும்பும் வழியில் அவர் ஏறிவந்த கப்பல் தீப்பற்றிக்கொண்டது. மற்றொரு கப்பல் உதவிக்கு வந்ததால் உயிர் தப்பினார். அரும்பாடுபட்டுச் சேர்த்த செடிகளும் எழுதி வைத்த குறிப்புகளும் பெரும்பாலும் கடலோடு போயின. எனினும் அவர் மனம் தளரவில்லை. நினைவில் நின்றவற்றைக் கொண்டும், பேங்க்ஸ் தந்துதவிய குறிப்புகளைக் கொண்டும் அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு நூலையே எழுதி முடித்தார்.

அடுத்து இலங்கைக்குச் செல்ல விரும்பினார். அதற்கான ஆயத்தங்களையும் செய்தார். அங்கு நிலவிய குழப்பங்களால் அப்பயணம் கைகூடவில்லை. வெப்பமண்டலக் காடுகளைத் தம் கண்ணால் காணும் பேறு அவருக்கு வாழ்நாள் முழுவதும் கிட்டவேயில்லை. ஆனால் அக்காடுகளின் செடிகள் பின்னாளில் அவரைத் தேடி வந்தன.

இதற்கிடையே, டர்னரும் நண்பர்களும் கூட்டாக நடத்திய ஒரு மதுவடிப்பு ஆலையின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சஃபோக் வட்டாரத்தில் ஹேல்ஸ்வொர்த் என்னும் சிற்றூரில் அவ்வாலை இருந்தது. 1815ஆம் ஆண்டில் டர்னரின் மூத்த மகளாகிய மரியாவை ஹூக்கர் மணந்தார். 1816இல் வில்லியம் பிறந்தான். 1817இல் ஜோசப் பிறந்தான். 1819இல் மரியா என்னும் பெண்மகவு பிறந்தது. இல்லம் நிறைந்தது, பணப்பெட்டி நிறையவில்லை. ஆலை வாணிகம் அவருக்குக் கைவந்த கலையன்று. அவர் இட்டிருந்த முதலீடுகளும் மதிப்பிழந்தன. இளம் வயதில் உறவினர் வழி வந்த செல்வம் கரைந்துகொண்டே போயிற்று. மனைவி மக்களைக் காப்பாற்ற நிலையான வருமானம் தரும் வேலையொன்று வேண்டும் என்னும் கட்டாயம் அவரை நெருக்கியது.

கிளாஸ்கோவுக்குக் குடிபெயர்தல்

அந்நிலையில்தான் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர் பதவி காலியாயிற்று. பேங்க்ஸின் பரிந்துரையால் 1820ஆம் ஆண்டில் ஹூக்கருக்கு அப்பதவி கிடைத்தது. பேராசிரியராக இருப்பதோடு, மூன்றாண்டுகளுக்கு முன்னர் 1817இல் தொடங்கப்பெற்ற கிளாஸ்கோ தாவரவியல் பூங்காவை வளர்த்தெடுப்பதிலும் அவருக்குப் பங்கு இருந்தது.

இது எளிதில் எடுத்துவிடக்கூடிய முடிவா? எண்ணிப் பாருங்கள். ஹேல்ஸ்வொர்த்திலிருந்து கிளாஸ்கோ ஏறத்தாழ 400 மைல் தொலைவு. அக்காலத்தில் பயணிகளை ஏற்றிச் செல்லும் இரயில் வண்டிகள் இல்லை. ஊரும் புதிது, தட்பவெப்பமும் புதிது, மக்களின் பேச்சு வழக்கும் புதிது. மரியாவுக்கோ வயது இருபத்து மூன்றுதான். பிறந்த வீடும் உடன்பிறந்தாரும் தொலைவில் போய்விடுவர். மூத்த பிள்ளையும் சிறு குழந்தையே. அவ்வாண்டிலேயே எலிசபெத் என்னும் மற்றொரு பெண்மகவும் பிறந்தது.

இவற்றையெல்லாம் விடப் பெரிய அச்சம் ஒன்றும் இருந்தது. ஹூக்கர் அதுவரை எந்த வகுப்பிலும் பாடம் நடத்தியவர் அல்லர். தாவரவியலைக் கல்லூரியில் அமர்ந்து கற்றவருமல்லர். தமக்குப் பழக்கமே இல்லாத ஒரு தொழிலை நம்பிக் குடும்பத்தோடு புறப்பட்டார். பழைய ஊரில் தங்கியிருந்தால் வறுமை உறுதி. புதிய ஊருக்குச் சென்றால் வெற்றிக்கு வாய்ப்பேனும் உண்டு. அந்த வாய்ப்பையே அவர் தேர்ந்துகொண்டார்.

அவ்வாண்டின் கோடைப் பருவத்தில் அவர் தம் முதல் வகுப்பைத் தொடங்கினார். தமக்குத் தெரியாததை உழைப்பால் ஈடு செய்தார். சொல்லால் மட்டும் விளக்கினால் மாணவர் மனத்தில் தங்காது என்று உணர்ந்து, செடியின் உறுப்புகளைப் பெரிய வண்ணப் படங்களாகத் தாமே வரைந்து சுவரில் தொங்கவிட்டார். பறித்த செடிகளை மாணவர் கையில் கொடுத்து, அவற்றை ஆராய்ந்து சொல்லும்படி பணித்தார். கோடைக்காலத்தில் மாணவர்களை ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளுக்கு அழைத்துச் சென்று, செடிகளை அவை வளரும் இடத்திலேயே காட்டினார். மருத்துவம் பயில வந்த மாணவர்கள் அவருடைய வகுப்பை விரும்பி நாடினர்.

துணைவி மரியாவின் பங்கினை நாம் மறத்தலாகாது. படம் வரைவதிலும் மொழிகளிலும் தந்தையாரிடம் நல்ல பயிற்சி பெற்றிருந்த அவ்வம்மையார், கணவரின் கடிதங்களையும் எழுத்து வேலைகளையும் கவனிக்கும் செயலாளராகவே விளங்கினார். குழந்தைகளை வளர்த்துக்கொண்டே இத்தனையும் செய்தார். வேலை கிடைத்தது கணவருக்கு. குடிபெயர்ந்த வாழ்வைத் தாங்கி நிறுத்தியவர் மனைவி.

பூங்கா தந்த நன்மைகள்

கிளாஸ்கோ பூங்கா தொடக்கத்தில் 8 ஏக்கர் நிலத்தில் அமைந்திருந்தது. ஹூக்கர் உலகின் பல பகுதிகளிலும் இருந்த தாவர ஆய்வாளர்களுக்குக் கடிதம் எழுதினார். விதைகளையும் செடிகளையும் பெற்றார். தம்மிடம் இருந்தவற்றை அவர்களுக்கு அனுப்பினார். இவ்வாறு கொடுத்தும் வாங்கியும் பூங்காவின் செல்வத்தைப் பெருக்கினார்.

அங்கே டேவிட் டக்ளஸ் என்னும் இளைஞர் தோட்ட வேலை செய்துவந்தார். கல்தச்சர் ஒருவரின் மகன் அவர். அவருடைய ஆர்வத்தைக் கண்ட ஹூக்கர் தம்மோடு மலைகளுக்கு அழைத்துச் சென்று பயிற்றுவித்தார். பின்னர் இலண்டனில் இருந்த தோட்டக்கலைச் சங்கத்திற்கு அவரைப் பரிந்துரைத்தார். வட அமெரிக்காவின் காடுகளிலிருந்து எண்ணற்ற மரங்களையும் பூச்செடிகளையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர் அந்த டக்ளஸ்தான். டக்ளஸ் ஃபர் என்னும் நெடிய மரம் இன்றும் அவருடைய பெயரால் வழங்குகின்றது. துணிகளில் அச்சிடும் பூவேலைக்குப் படம் எழுதப் பழகிவந்த வால்ட்டர் ஃபிட்ச் என்னும் மற்றோர் இளைஞனையும் ஹூக்கர் கண்டெடுத்துத் தாவர ஓவியராக்கினார். எளிய தொழிலாளியிடம் மறைந்து கிடக்கும் திறமையைக் காணும் கண் அவருக்கு இருந்தது.

வீட்டிலும் ஒரு மாணவன் உருவாகிக்கொண்டிருந்தான். இரண்டாம் மகன் ஜோசப் ஏழு வயதிலிருந்தே தந்தையின் வகுப்பில் வந்து அமர்ந்து பாடம் கேட்டான். புதிய ஊருக்குப் பெயர்ந்ததால் பிள்ளைகளின் எதிர்காலம் என்னாகுமோ என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. ஹூக்கரின் வீட்டில் அந்தப் புதிய ஊரே பிள்ளையின் கல்விக்கூடமாயிற்று.

கியூவின் கதவுகள் திறந்தன

கியூ பூங்கா அரச குடும்பத்திற்குரியதாக இருந்தது. 1820ஆம் ஆண்டில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரும், பூங்காவைப் பேணிவந்த ஜோசப் பேங்க்ஸும் காலமாயினர். அதன்பின் கவனிப்பார் குறைந்து, பூங்கா பொலிவிழந்தது. 1838ஆம் ஆண்டில் அரசு ஒரு குழுவை அமைத்து ஆராய்ந்தது. பூங்காவை நாட்டுடைமையாக்கி அறிவியலுக்குப் பயன்படுத்த வேண்டும் என்பது அக்குழுவின் கருத்து. ஆனால் செலவைக் குறைக்க எண்ணியவர்கள், செடிகளைப் பிறருக்குக் கொடுத்துவிட்டுப் பூங்காவைக் கலைத்துவிடவும் முனைந்தனர். தாவரவியல் அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தமையால் அம்முயற்சி நின்றது. 1841ஆம் ஆண்டில் ஹூக்கர் அப்பூங்காவின் இயக்குநராக அமர்த்தப்பட்டார். ஆண்டுக்கு 300 பவுன் சம்பளமும் வீட்டு வாடகைக்குத் தனித்தொகையும் வழங்கப்பட்டன.

ஐம்பத்தாறாம் வயதில் இரண்டாம் முறையாக அவர் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தார். அது துயரம் சூழ்ந்த காலம். மூத்த மகன் வில்லியம் 1840ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜமைக்காத் தீவில் காய்ச்சலால் மாண்டார். 1825இல் பிறந்த இளைய மகள் மேரி ஹேரியட் 1841இல் மறைந்தாள். ஜோசப்போ தென்துருவக் கடலை ஆராயச் சென்ற கப்பலில் உலகின் மறுகோடியில் இருந்தார். இரு பிள்ளைகளை இழந்து, ஒரு பிள்ளையைப் பிரிந்து, அந்தப் பெற்றோர் புதிய ஊரில் குடியேறினர். நெஞ்சில் இருந்த புண்ணோடுதான் ஹூக்கர் தம் பெரும்பணியைத் தொடங்கினார்.

அவர் வந்தபோது பூங்காவின் பரப்பு 10 ஏக்கர் அளவே. காண வருவோர் ஒரு தோட்டக்காரரின் காவலோடுதான் உள்ளே சுற்றிவர முடியும். ஹூக்கர் அந்த வழக்கத்தை ஒழித்தார். பொதுமக்கள் தாமாகவே உள்ளே சென்று உலவலாம் என்று கதவுகளைத் திறந்துவிட்டார். கட்டுக்காவல் இல்லாவிட்டால் மக்கள் செடிகளைப் பாழாக்கிவிடுவர் என்று சிலர் அஞ்சினர். ஹூக்கர் மக்களை நம்பினார். அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. 1841இல் பூங்காவுக்கு வந்தோர் 9,000 பேருக்குச் சற்று மேல். 1865இலோ ஓராண்டில் 5 இலட்சம் பேருக்கு மேல் வந்தனர். பூங்காவும் 75 ஏக்கராக விரிந்தது. அதையடுத்து 270 ஏக்கரில் மரத்தோட்டமும் அமைந்தது.

1844க்கும் 1848க்கும் இடையே, இரும்பாலும் கண்ணாடியாலும் ஆன பனைமாளிகை கட்டப்பட்டது. அதன் நீளம் 360 அடிக்கு மேல். நடுப்பகுதியின் உயரம் 66 அடி. வெளியே உறைபனி பெய்யும்போதும் உள்ளே வெப்பநாட்டுப் பனைகளும் வாழைகளும் செழித்து நின்றன. 1848இல் பயிர்களால் மனிதருக்கு விளையும் பயன்களை விளக்கும் பொருட்காட்சிசாலையையும் ஹூக்கர் திறந்தார். நூல், எண்ணெய், பிசின், மருந்து, மரம் ஆகியவை எந்தச் செடியிலிருந்து வருகின்றன என்பதை எளிய தொழிலாளியும் கண்டு அறியுமாறு அது அமைந்திருந்தது.

நம் நாட்டோடு உள்ள தொடர்பு

மலாயாக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பாலை இறுக வைத்தால் கெட்டா பெர்ச்சா என்னும் பொருள் கிடைக்கும். கடலுக்கடியில் இட்ட தந்திக் கம்பிகளுக்கு உறையாக அது பயன்பட்டது. சிங்கப்பூர் வட்டாரத்திலிருந்து வந்த கிளைகளை ஆராய்ந்து, 1847ஆம் ஆண்டில் அம்மரத்திற்கு அறிவியல் முறைப்படி பெயரிட்டு விளக்கியவர் ஹூக்கரே ஆவார். பிற்காலத்தில் அம்மரத்தின் பேரினப் பெயர் மாற்றப்பட்டது. எனினும் தாவரநூல்களில் அதன் பெயருக்குப் பின்னால் ஹூக்கரின் பெயர்ச்சுருக்கம் இன்றும் காணப்படுகின்றது.

தமிழகத்தோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. உதகமண்டலத் தாவரவியல் பூங்காவை 1848 முதல் அமைத்தவர் கியூவில் பயிற்சி பெற்ற மெக்கைவர் என்பவர். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினாவைத் தரும் சின்கோனா மரத்தைத் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து நீலகிரியில் பயிரிட 1860ஆம் ஆண்டையொட்டி முயற்சி நடந்தபோது, அதன் கன்றுகளை வளர்க்கக் கியூவில் இடம் செய்து கொடுத்தவரும் ஹூக்கரே.

1865ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 12ஆம் நாள், தம் எண்பதாம் அகவையில், வில்லியம் ஹூக்கர் கியூவில் இயற்கை எய்தினார். தந்தையின் வகுப்பில் அமர்ந்து பாடம் கேட்ட ஜோசப், அதே ஆண்டில் பூங்காவின் இயக்குநரானார். அவர் பொறுப்பில் இருந்தபோதுதான், 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் கியூவில் முளைக்கவிடப்பட்டன. அவற்றுள் மிகச் சிறுபகுதியே முளைத்தது. முளைத்தவற்றுள் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன. 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றிலிருந்து கோலகங்சாருக்கும் கன்றுகள் சென்றன. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு மூலமாக நின்றவை அவையே.

அக்கன்றுகள் மரங்களாகிப் பெருகியபோது, அவற்றைச் சீவிப் பால் எடுக்க நம் முன்னோர்கள் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தனர். ஹூக்கருக்குப் பரிந்துரைக்கப் பெரிய மனிதர்கள் இருந்தனர். போகும் இடத்தில் பட்டமும் பதவியும் காத்திருந்தன. நம் முன்னோர்க்கு அத்தகைய துணை எதுவும் இல்லை. மூட்டை முடிச்சும் பிள்ளைகளுமே அவர்களுடைய உடைமை. காடாகக் கிடந்த மண்ணைத் திருத்தியவை அவர்களுடைய கைகள். ஹூக்கரின் பெயர் நூல்களில் உள்ளது. நம் பாட்டன் பாட்டியரின் பெயர்கள் பெரும்பாலும் எந்த நூலிலும் இல்லை. அவற்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவர்கள் நாமே.

நாம் பெறும் படிப்பினை

பெற்றோர்களே! தோட்டம் விட்டுத் தோட்டமும், தோட்டம் விட்டு நகரமும் மாறிச் செல்ல நேர்ந்த குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. இடம் மாறுவது துன்பந்தான். ஆயினும் போகும் இடத்தில் பிள்ளையின் கல்வியைக் கைவிடாமல் பார்த்துக்கொண்டால், அந்த மாற்றமே பிள்ளைக்கு ஏணியாகலாம். ஏழு வயது ஜோசப்பைத் தம் வகுப்பில் அமர இடங்கொடுத்த ஹூக்கரை எண்ணிப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே! பழக்கமில்லாத வேலையைக் கண்டு ஹூக்கர் பின்வாங்கவில்லை, கற்றுக்கொண்டார். உழைத்துச் சேர்த்ததைத் தீ கொண்டுபோனபோதும் எழுதுவதை நிறுத்தவில்லை. உங்கள் பள்ளிக்கும் ஒரு புதிய மாணவன் வேற்றூரிலிருந்து வரக்கூடும். அவனுக்கு இந்த இடமும் புதிது, முகங்களும் புதியன. அவனை அன்போடு அழைத்து உங்கள் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளுங்கள். பள்ளித் தோட்டத்தில் ஒரு கன்றை நட்டு, அதற்கு நாள்தோறும் நீர் ஊற்ற அவனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேற்று மண்ணில் வைத்த கன்று வேர்விடச் சிறிது காலமாகும். வேர்விட்டபின் அது அந்த மண்ணுக்கே உரியதாகிவிடும்.